திருப்பாம்புரத்து வேளாண்குடி: வற்கடக் காலத்துக் குடும்ப வாழ்வு பற்றிய ஓர் ஆராய்ச்சி

மழை பொய்த்து விளைவு அற்ற காலத்தைக் குறித்தற்குப் பண்டைத் தமிழ் மக்கள் பல சொற்களை வழங்கினர். வறம், வற்கடம், கருப்பு, பஞ்சம், சிறுவிலைக் காலம் என்பன அவற்றுட் சில. இவற்றுள் சிறுவிலைக் காலம் என்னும் தொடர் நம் கருத்தைச் சிறப்பாக ஈர்ப்பதாகும். இக்காலத்தே பொருளின் விலை ஏறிற்று என்கின்றோம். முன்னையோர் ஒரு காசுக்கு இத்துணை நாழி நெல் என்று அளவினாலேயே விலை கூறினர். ஆதலின் காசு ஒன்றிற்குக் கிடைக்கும் நெல்லின் அளவு சிறுத்த காலமே சிறுவிலைக் காலம் எனப்பட்டது. நெல்லைக் கொண்டு காசை மதித்தனரேயன்றிக் காசைக் கொண்டு நெல்லை மதித்திலர் என்பது இச்சொல்லாட்சியால் இனிது விளங்கும். இக்கட்டுரைக்கு அடிப்படையாக அமைந்த கல்வெட்டினை உணர்தற்கும் இக்கருத்து இன்றியமையாதது.

தமிழ் நூல்களில் வற்கடம் பற்றிய செய்திகள் அருகியனவல்ல. பாண்டி நாட்டில் பன்னீராண்டு மழை பெய்யாதொழிந்தமையால் மன்னன் புலவரை அழைத்து, நும்மைப் புறந்தர இயலாதேன், வேற்று நாடு சென்று வாழ்ந்து, நாடு நலம் பெற்றபின் மீள்க எனக் கூறினன் என்று இறையனார் அகப்பொருளுரை உரைக்கும். மீண்டு வந்த புலவருள் பொருளதிகாரம் வல்லாரைக் காணாமல் அவன் வருந்தினான் என்பதும் அவ்வுரையாற் பெறப்படும். மணிமேகலையிலும் ஆபுத்திரன் வரலாற்றில் பாண்டி நாடு பன்னீராண்டு மழைவளம் இழந்தமை பேசப்படுகின்றது. சமண சமயத்தார் பத்திரபாகு முனிவர் தென்னாடு போந்தமைக்குக் காரணமாகக் கூறுவதும் பன்னீராண்டு வற்கடமே. இங்ஙனம் வேறு வேறு வரலாறுகளில் ஒரே தொகை வருதலின், பன்னிரண்டு என்பதனை நீண்ட காலம் என்னும் பொருளில் வந்த வழக்காகக் கொள்ளலே பொருந்தும். அதனை எண்ணி அளந்த தொகையாகக் கொண்டு காலவரையறை செய்யப் புகுந்தாரும் உளர். அம்முயற்சி பயன் தாராது.

இவ்வரலாறுகளில் ஒரு குறை உண்டு. புலவர் எங்குச் சென்றனர் என்று கேட்கும் உரையாசிரியர், அப்பன்னீராண்டும் ஏர் பிடித்தவன் எங்கிருந்தான் என்று கேட்டிலர். ஆபுத்திரன் கையிலிருந்த ஐயக் கடிஞையின் முன் வந்தோர் காணார், கேளார், கால் முடப்பட்டோர், பேணுநர் இல்லோர் முதலாயினார். நிலமும் மனையும் மக்களும் உடைய குடியானவன் அக்கூட்டத்திற் காணப்படுகின்றிலன். வற்கடம் முதற்கண் தாக்குவது அவனையேயாகவும், இலக்கியத்தில் அவன் குடும்பம் மறைந்தே நிற்கின்றது.

இதற்குப் பெரியபுராணத்தில் ஒரு புறனடை உளது. அது கோட்புலி நாயனார் புராணம். நாட்டியத்தான்குடியில் வேளாண் மரபில் தோன்றிச் சோழர் படைத்தலைவராய் விளங்கிய அவர், போர்மேற் செல்லுங்கால் இறைவன் திருவமுதுக்கென நெற்கூடுகளைக் கட்டிவைத்து, அவற்றைத் தொடுதல் கூடாதென்று சுற்றத்தார்க்கு ஆணையிட்டுச் சென்றனர். பின்னர் வற்கடம் உற்றது. உயிர் போகும் நிலையிற் சுற்றத்தார், இதனைக் கொண்டு பிழைத்துப் பின்னர்த் திருப்பிக் கொடுப்போம் என்று கருதி அந்நெல்லை எடுத்துண்டனர். மீண்டு வந்த நாயனார் தந்தை தாய் உடன்பிறந்தார் மனைவியர் உள்ளிட்ட அனைவரையும் வெட்டினர். நெல்லை உண்ணாத பசுங்குழவியும் உண்டாள் ஒருத்தியின் பாலை உண்டது என்பதனால் தப்பவில்லை. பத்தியின் மேன்மை காட்ட எழுந்த இப்புராணத்தை வரலாறு நோக்கிக் கற்பார்க்கு வேறொன்றும் புலனாகும். ஒரு வேளாண் மனையில் நெல் நிறைந்த கூடு இருந்தது. அம்மனையோர் பட்டினி கிடந்தனர். உண்டதனைக் கடனாகவே கருதினர். சேக்கிழார் பாடிய காலம் இரண்டாம் குலோத்துங்கன் ஆட்சிக் காலமாகிய கி. பி. 12 ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கோயில் நெல்லைக் கடனாகக் கொள்ளலாமா என்பது அக்காலத்தார்க்கு வெறும் கற்பனை வினா அன்று என்பதனைப் பின்வரும் கல்வெட்டுக்கள் காட்டும்.

இனி, திருப்பாம்புரக் கல்வெட்டினை ஆராய்வாம். காவிரித் தென்கரையில் பேரளத்திற்கு அணித்தே, இன்றைத் திருவாரூர் மாவட்டத்தில் உள்ள திருப்பாம்புரம் திருஞானசம்பந்தராற் பாடப்பெற்ற பழம்பதி. அக்கோயிலில் மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. 1911 ஆம் ஆண்டிற் படியெடுக்கப்பெற்ற இதன் காலம் கி. பி. 1201. காலம் தீயதாகி நெல் காசுக்கு மூன்று நாழியாக விற்றமையால், பசியால் மாளாது உய்தற்பொருட்டு வேளாளன் ஒருவன் தானும் தன் பெண்மக்கள் இருவருமாகத் தம்மைக் கோயிலுக்கு 110 காசுக்கு விற்று அடிமைகளாயினர் என்பது அதன் செய்தி. சோழர் வரலாறு எழுதினோர் பலரும் இதனை எடுத்துக்காட்டியுள்ளனர். பெரும்பாலோர் அடிமை முறை இருந்தமைக்குச் சான்றாகவும், சிலர் பஞ்சம் நிகழ்ந்தமைக்குச் சான்றாகவும் ஒரு தொடரிற் கூறி மேற்சென்றனர். அம்மூவர்க்கும் அது நிகழ்ந்தமை யாது என்று நின்று நோக்கினார் அரியர்.

கல்வெட்டிலுள்ள எண்களே நமக்கு வழிகாட்டும். ஒரு காசுக்கு மூன்று நாழி என்றால் 110 காசுக்கு 330 நாழி நெல். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்னும் பழைய முகத்தலளவைப்படி இது 3 கலம் 5 குறுணி 2 நாழி ஆகும். மூன்று உயிர்கள் வாழ்நாள் முழுதும் ஆட்பட்டதற்கு விலை மூன்றரைக் கலத்திற்கும் குறைந்த நெல்! இனி, ஐந்து நெல்லுக்கு இரண்டு அரிசி என்பது சோழர் காலத்துக் கோயிற் கணக்குக்களிற் காணப்படும் குற்றல் அளவு. அதன்படி 330 நாழி நெல் 132 நாழி அரிசியாகும். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி எனக் கொண்டால், மூவர்க்கும் அது 44 நாளைக்குப் போதும். இரண்டு நெல்லுக்கு ஓர் அரிசி எனத் தாராளமாகக் கணக்கிடினும் 55 நாளைக்குமேல் வாராது. நாட்படி ஒரு நாழி என்பது யாம் கொண்ட அளவேயாயினும், அதனைச் சற்றே கூட்டினாலும் குறைத்தாலும் முடிபு பெரிதும் மாறுதற்கில்லை.

நாற்பத்துநான்கு நாள் உணவுக்காக ஒருவன் தன்னையும் தன் மக்களையும் என்றைக்குமாக விற்பானோ? மழைக்காலத்தை எதிர்நோக்கியிருக்கும் உழவனுக்கு ஒன்றரைத் திங்கள் உணவு ஒரு போகத்தையும் கடக்க உதவாது. எனவே, 110 காசு என்பது அவன் நாடிய பயன் அன்று என்று கொள்ளுதலே தக்கது. கோயிலுக்கு ஆட்பட்டோர் கோயிலில் தொண்டு செய்தனர். அத்தொண்டிற்குரிய உணவும் கோயிற் பண்டாரத்தினின்றே வந்தது. அவன் நாடியது அந்த அன்றாடச் சோறே ஆதல் வேண்டும். காசு, முன்னரே பட்ட கடனை இறுத்தற்கோ, விற்பனை செல்லுபடியாதற்கு வேண்டிய விலைப்பொருளாகவோ அமைந்திருத்தல் கூடும். ஆள்விலைப் பிரமாணங்கள் அக்காலத்து முறைப்படி எழுதப்பெற்ற ஆவணங்கள். விலை குறிக்கப்படாத விற்பனை வழக்கிற்கு நில்லாது. சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட வரலாற்றில் முதிய வேதியர் காட்டும் ஆளோலை, பாட்டன் எழுதிக் கொடுத்தது பேரனையும் பிணிக்கும் என்பதனைக் காட்டுகின்றதன்றோ? அவ்வரலாற்றைக் கேட்டு வளர்ந்த வேளாளன், தான் இசைந்தது தன் மக்களின் மக்களையும் கட்டும் என்பதனை அறிந்தே இசைந்தான்.

மற்றொன்று. தன்னை மட்டும் விற்று மக்களை உறவினர் மனையில் விடவும், மக்களை மட்டும் விற்றுத் தான் வேற்றூர் போகவும் அவனுக்கு வழி இருந்தது. தமிழகத்து ஆள்விற்பனை ஆவணங்களுள் ஒருவர் தமக்கு உரியராயிருந்தோரைப் பிறருக்கு விற்றனவே மிகுதி. இங்கோ விற்றவனே விற்கப்பட்டவருள் ஒருவன். மூவரும் ஒரே ஆவணத்தால், ஒரே உடையவர்க்கு, ஒரே விலைக்கு ஆட்பட்டனர். தனித்தனி விலை கூறப்பெறாமல் மூவர்க்கும் சேர்த்தே தொகை கூறப்படுவது நோக்கற்பாலது. அடிமையாதல் என்னும் பேரிழிவை ஏற்றும் அத்தந்தை ஒன்றனைக் காத்துக்கொண்டான்: மூவரும் ஓரிடத்தே இருத்தல். இதனை யாம் மிகைப்படக் கூறுவதாகச் சிலர் கருதலாம். தனியார் மனைக்கு விற்றிருப்பின் அவர் மீண்டும் ஒருவரைப் பிரித்து வேறொருவர்க்கு விற்றல் கூடும்; கோயில் தன் ஆட்களை அங்ஙனம் சந்தைப்படுத்துதல் அரிது. ஆகவே கோயிலைத் தேர்ந்ததும் கருதிச் செய்த செயலே என்பது எம் துணிபு. அடிமைப்பட்டோர் உடலிற் சூலக்குறி இடும் வழக்கம் சில கோயில்களில் இருந்தமையும் ஈண்டு மறத்தற்பாலதன்று. புகலிடம் என்பதனால் அது மென்மையான இடமாயிருந்தது என்று கொள்ளற்க.

அம்மூவருள் தாய் இல்லை. முன்னரே இறந்தனளோ, அப்பஞ்சத்திலேயே மாண்டனளோ, கல்வெட்டு வாளா இருக்கின்றது. பொதுவாக வறட்சிக் காலத்தில் இல்லாள் தான் உண்ணாது மக்களுக்கு ஊட்டுவாள் என்பதனை நாட்டுப்புறத்தார் எவரும் அறிவர். அதற்குமேற் கூற ஒன்றும் இல்லை.

விலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். முதல் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுக்களில் ஒரு காசுக்கு இரண்டு கலம், அஃதாவது 192 நாழி நெல் என்னும் விலை காணப்படுகின்றது. அதனை இதனோடு ஒப்பிட்டு, நெல் விலை 64 மடங்கு ஏறிற்று என முடிபு கூறுதல் பிழையாகும். இராசராசன் காலத்துக் காசு பொன். இருநூறு ஆண்டுகட்குப் பிற்பட்ட மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் காசு அந்நிலையினின்று பெரிதும் இழிந்தது. காசுக்குக் காசு மதிப்பு வேறுபட்டமையைத் திருப்பாம்புரத்திற்கு அணித்தேயுள்ள திருவீழிமிழலை வரலாறும் காட்டும். ஆங்கு வற்கடக் காலத்தில் சம்பந்தரும் அப்பரும் பெற்ற படிக்காசுகளில் சம்பந்தர் காசுக்கு மட்டும் வணிகர் வாசி கேட்டதனால் அவர் அடியார்க்கு அமுது காலந்தாழ்ந்தது என்பர். நாணயத்தின் மாற்றுக் குறைவு பசித்தவன் வயிற்றில் வந்து முடிதலை இதனினும் எளிதில் விளக்கும் கதை பிறிதில்லை. ஆயினும், கல்வெட்டில் விலையைக் குறித்தற்குக் காரணம், அது வழக்கமான விலை அன்று என்பதே. காசு எத்தகையதாயினும் மூன்று நாழி என்பது ஊரார் நினைவில் நிற்கத்தக்க கொடுமையாய் இருந்தது என்பது தேற்றம்.

இப்பஞ்சம் மழையின்மையால் நேர்ந்ததா? கல்வெட்டு காலத்தின் தீமையைக் கூறுகின்றதேயன்றிக் காரணத்தை விதந்து கூறவில்லை. காவிரிப் படுகைக்கு நீர் இருவழியால் வருகின்றது. ஆனி முதல் புரட்டாசி வரை குடகில் பெய்யும் மழை ஆற்றுநீராகவும், ஐப்பசி கார்த்திகையில் கீழ்காற்று மழை நேராகவும் வரும. இரண்டனுள் ஒன்று தவறின் மற்றொன்று தாங்கும். இரண்டும் தவறுதல் அரிது. தவறின் ஏனைப் புன்செய் நாட்டினும் படுகை நாட்டார் நிலை இரங்கத்தக்கது, ஏனெனில் வரகும் தினையும் அவர்க்குப் பழக்கம் அன்று. வெள்ளத்தாலும் விளைவு அழியும். மரங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு ஆசியப் பருவமழையின் வரலாற்றை வகுத்த அறிஞரின் முடிபுகள் 2010 இல் வெளிவந்தன. அவை கி. பி. 1300 முதலேயே தொடங்குகின்றன. 1201 ஆம் ஆண்டிற்கு அவற்றின் துணை கிட்டாது. ஆதலின், மழைப்பிழைப்பே காரணம் என்பதனை மிகவும் இயல்புடைய கருத்தாகக் கொண்டு அமைவாம். அதே மன்னன் ஆட்சியிலேதான் திருபுவனத்துக் கம்பகரேசுவரர் திருக்கோயில் வானுற எழுந்தது என்பதனை இடைப்பிறவரலாகக் கூறி மேற்செல்வாம்.

ஒரு குடும்பம் தன்னை விற்றது. ஓர் ஊர் முழுதும் அந்நிலையுறின் யாது செய்யும்? இதற்கு விடை சோழர் காலத்து ஆலங்குடிக் கல்வெட்டில் உளது. பஞ்சம் வந்துற்றபோது அவ்வூரார் தாம் உண்ணுதற்கு நெல்லும், விதைத்தற்கு விதையும், பயிர்த்தொழிற்கு வேண்டும் பிறவும் வாங்கப் பொருளின்றி வருந்தினர். ஊர்ச்சபையார் கோயிற் பண்டாரத்திலிருந்த பொன்னணிகளையும் வெள்ளிக் கலங்களையும் கடனாகப் பெற்று, அதற்கு ஈடாக எட்டே முக்கால் வேலி நிலத்தைக் கோயிலுக்கு ஒதுக்கி, அதன் விளைவினின்று வட்டி செல்ல ஏற்பாடு செய்தனர். உணவோடு விதையையும் ஒருங்கு கூறியமை இக்கல்வெட்டின் சிறப்பு. வற்கடத்தில் உழவன் குடும்பம் எதிர்கொள்ளும் கடைசி வினா விதைநெல்லைப் பற்றியது. அதனை உண்டால் இவ்வாண்டு பிழைப்பான், மறு ஆண்டு உழவன் அல்லன். உண்ணாவிடின் மறு ஆண்டைக் காணுதலே ஐயம். ஆலங்குடிச் சபையார் இவ்வினாவைத் தனிக் குடும்பத்தின் தலையில் விடாமல் ஊரின் கடனாக ஆக்கினர். கோட்புலியார் சுற்றத்தார் மனத்திற் கொண்டதும் இதுவே. அவர்க்கு ஈடு காட்ட நிலமும் ஆவணம் எழுதச் சபையும் இல்லாது போயின. திருப்பாம்புரத்து வேளாளனுக்கோ ஈடாகக் காட்ட உடம்பன்றி வேறில்லை. அவன் ஊர்ச்சபை அந்நாளில் யாது செய்தது என்னும் வினா எழாமற் போகாது. பிற்காலச் சோழர் ஆட்சியின் இறுதியில் ஊராட்சி தளர்ந்தது என்பார் கூற்றுக்கு இக்கல்வெட்டும் ஒரு சான்றாகலாம். எனினும் ஒரு குடும்பத்தைக் கொண்டு ஒரு முறையின் வீழ்ச்சியை நிறுவுதல் துணிவு மிக்க செயலாகும்.

நிற்க. இக்குடும்பத்தின் நிலையை இன்னும் தெளிவாக உணர்தற்கு, சான்றுகள் மிகுந்த பிற்காலப் பஞ்சம் ஒன்றனை ஒப்புநோக்குதல் நலம். அது தாது ஆண்டுப் பஞ்சம். 1876 இல் தென்மேற்குப் பருவமழை குன்றி, வடகீழ்ப் பருவமழையும் பொய்த்தது. 1877 இல், அஃதாவது ஈசுவர ஆண்டில், ஆவணி வரை மழையில்லை. புரட்டாசிக்குப் பின்னரே மழை மீண்டது. பசிபிக் பெருங்கடலின் நீர் வெப்பமுறுவதால் உண்டாகும் எல் நீனோ என்னும் மாற்றமே இதன் காரணம் என்று இக்கால அறிஞர் நிறுவியுள்ளனர். முன்னர்க் கூறிய மரவளையச் சான்றும் இவ்வறட்சியின் கடுமையை உறுதிப்படுத்துகின்றது. சென்னை மாகாணத்தில் பெல்லாரி, கர்னூல், கடப்பை, வடஆர்க்காடு, சேலம், கோயம்புத்தூர், மதுரை முதலிய மாவட்டங்கள் பெருந்துன்புற்றன. காவிரிப் பாய்ச்சல் உடைமையால் தஞ்சை மாவட்டம் ஒருவாறு தப்பியது. 1201 இல் பசித்த நிலம் 1877 இல் பசித்தோர் நாடிவந்த நிலமாயிற்று. மாயூரத்தில் முன்சீபாக இருந்து ஓய்வுற்ற வேதநாயகம் பிள்ளை அவ்வாறு வந்தோர்க்குத் தம் பொருளைச் செலவிட்டு உணவளித்தமையும், அதனைக் கண்ட கோபாலகிருட்டிண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனம் பாடியமையும் பலரும் அறிந்தன. சிவகங்கை வில்லியப்ப பிள்ளை இப்பஞ்சத்தையே பொருளாக்கிப் பஞ்சலட்சணத் திருமுகவிலாசம் என்னும் நகைச்சுவை நூலை இயற்றினார். அது 1899 இல் வெளிவந்தது. கும்மிப் பாடல்களும் எழுந்தன.

புன்செய் நாட்டுக் குடும்பம் ஒன்று இப்பஞ்சத்தில் ஒவ்வொன்றாக இழந்த முறையை நோக்குதல் வேண்டும். கிணறு வற்றியதும் கவலை நின்றது. வைக்கோலும் தட்டையும் தீர்ந்ததும், கூரையைப் பிரித்து மாட்டுக்கு இட்டனர். பின்னர் மாட்டை விற்க முற்பட்டனர். எல்லாரும் ஒருங்கே விற்கவே மாடு விலைபோகவில்லை. வெள்ளி நகை, பித்தளைப் பாத்திரம், கதவு, நிலை என்று விற்பனை தொடர்ந்தது. கற்றாழைக் கிழங்கும், கள்ளிப்பழமும், புளியங்கொட்டையும், ஆலவிதையும் உணவாயின. இவ்வளவும் நிகழ்ந்த பின்னரே அக்குடும்பம் ஊரை விட்டு அகன்றது. எனவே, பஞ்ச நிவாரண வேலைக்கு வந்து நின்றோரை அன்றுதான் ஏழையானோர் என்று எண்ணுதல் தவறு. அவர் பல திங்களாக ஒவ்வொரு படியாக இறங்கி வந்தோர்.

அவ்வேலைகளை மேற்பார்க்க இந்திய அரசாங்கத்தாரால் 1877 சனவரியில் அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்டு டெம்பிள். 1873-74 இல் பீகார்ப் பஞ்சத்தில் பருமாவிலிருந்து அரிசி வருவித்து மக்களைக் காத்தமைக்காக மிகுசெலவு செய்தவர் என்று பழிக்கப்பட்டவர் அவரே. அப்பழியைத் துடைத்துக்கொள்ளும் முறையில் சென்னையில் நாளொன்றுக்கு ஆடவர்க்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிசு, கடும் உழைப்புச் செய்வார்க்கு இது போதாது, ஒன்றரை இராத்தல் தானியமும் பருப்பும் காயும் வேண்டும் என்று வாதிட்டார்; பின்னர் மாகாண அரசு கூலியை ஓரளவு உயர்த்தியது. இவ்வழக்கு அறிஞர் பலரால் ஆராயப்பட்டுள்ளது. நம் ஆராய்ச்சிக்குரியது அதனொடு சேர்ந்த வேறொரு விதி. உண்மையில் வறியரல்லாதார் வாராதிருத்தற்பொருட்டு, வலியுடையார்க்கு வீட்டினின்று பத்து மைல் எல்லைக்குள் வேலை தருதல் ஆகாது என்னும் தொலைவுச் சோதனை வகுக்கப்பட்டது. இதன் விளைவு யாது? நடக்க வல்லோர் பாசறைக்குச் சென்றனர். முதியோரும் நோயுற்றோரும் ஊரில் நின்றனர். கூலி வாங்குவோன் உண்டு மிகுந்ததனை வீட்டிற்குக் கொண்டு செல்லும் வழி அடைபட்டது. பஞ்சம் பிரிக்காதிருந்த குடும்பத்தை நிவாரணம் பிரித்தது.

திருப்பாம்புரத்தார் சென்ற வழியும் இவர்க்கு இல்லை. 1843 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்பது ஒழிந்தது. அது நன்மையே என்பதில் ஐயமில்லை. ஆயின், அச்சட்டம் பசித்தவனுக்கு வேறொரு வாயில் திறந்ததாகத் தெரியவில்லை. திறந்திருந்த வாயில் கடலுக்கு அப்பால். கங்காணி கையில் முன்பணம் பெற்றுக் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்கட்கும், பருமாவுக்கும், மொரீசுக்கும் சென்றோர் தொகை இவ்வாண்டுகளில் மிகுந்தது. கடன் பெற்று, அக்கடனுக்கு உடலுழைப்பை ஈடாக்கி, மனைவி மக்களையும் உடன்கொண்டு ஒரே தோட்டத்திற்குச் சென்றவனுக்கும், 110 காசு பெற்று மக்களோடு கோயிலுக்குட் புகுந்தவனுக்கும் இடையே உள்ள வேற்றுமை எத்துணையது என்பதனை ஆராய்வார் ஆராய்க. வேற்றுமை உண்டு, முன்னவன் கடன் தீர்ந்தால் மீளலாம் என்பது சட்டம். மீண்டோர் எத்துணையர் என்பது வேறு.

இழப்பின் அளவு மக்கட்கணக்கில் ஒருவாறு புலப்படும். 1871 இல் சென்னை மாகாண மக்கள் ஏறத்தாழ 3 கோடியே 12 இலட்சம். 1881 இல் 3 கோடியே 8 இலட்சம். பத்தாண்டு இயற்கைப் பெருக்கம் முழுதும் அழிந்து, அடித்தொகையிலும் குறைவு நேர்ந்தது. சேலம் மாவட்டம் ஒன்றில் மட்டும் 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த தொகை 16 இலட்சமாயிற்று. ஏறத்தாழ ஐவருள் ஒருவர் குறைந்தனர். பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் இப்பஞ்சத்தால் மாண்டோர் 55 இலட்சம் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பு. அதனினும் மிகுத்துக் கூறுவாரும் உளர். இத்தொகைகள் தலைகளை எண்ணுவன. சிதறிய குடும்பங்களை எண்ணிய கணக்கு எதுவும் எடுக்கப்படவில்லை. 1880 இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணைக்குழுவின் கருத்துக்களையொட்டி 1883 இல் பஞ்ச விதித்தொகுதி வகுக்கப்பட்டது.

ஓர் ஏற்பாட்டினை மட்டும் ஈண்டுக் குறித்தல் தகும். 1877 ஆகத்தில் இலண்டன் மாநகரத் தலைவர் தொடங்கிய நிதியில் ஐந்து இலட்சம் பவுனுக்குமேற் சேர்ந்தது. அரசின் கூலியும் கஞ்சியும் உயிர் பேணுதற்கென்று இருந்தமையால், அந்நிதியின் பெரும்பகுதி வேறு வகையிற் செலவிடப்பட்டது. மழை மீண்டபின் ஊருக்குத் திரும்பிய உழவர்க்கு விதைத் தானியமும், உழவுமாடு வாங்கப் பணமும், பிரித்த கூரையை மீண்டும் வேயப் பொருளும் அதினின்று கொடுக்கப்பட்டன. ஆலங்குடிச் சபையார் கோயிற் பொன்னைக் கடனாகப் பெற்று வாங்கியவையும் இவையே. அவர்கள் அவற்றைப் பஞ்சம் நிகழும்போதே, ஊரிலிருந்துகொண்டே வாங்கினர். தாது ஆண்டினர்க்கு அவை கிடைத்த காலத்து, வாங்கச் சென்றோர் பலர் வீட்டில் எஞ்சியிருந்தோர் ஒருவரோ இருவரோ ஆவர்.